நாரின் வேலை வேறு, கம்பியின் வேலை வேறு

மகளே,

நீ போனில் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடாதே. கேட்பவர் உனக்கு மாமனாராக வரப்போகிறவர், ஆவணியில் கல்யாணம், இப்போது போய் முகத்தை முறித்துப் பேசினால் என்ன ஆகுமோ என்று நீ தவிக்கிறாய். "நான் என்னப்பா செய்ய?" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச்சு வரவில்லை. வந்திருந்தாலும் கத்தலாகத்தான் வந்திருக்கும். என் குரல் உனக்குத் தெரியும், பாதி விஷயம் அதன் சத்தத்திலேயே போய்விடும். அதனால்தான் கடை சாத்தியிருக்கிற இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, தாத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், இந்தத் தாள்களைக் கையில் கொடுத்தால் போதும் என்கிற மாதிரி இருக்கட்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவனுக்கு ஆனியும் ஆடியும் கெட்ட மாதங்கள். மேற்கே மலையில் சாரல் விழும், நமக்கு அதன் காற்று மட்டும்தான் வந்து சேரும். வாழை இலைகளையெல்லாம் கிழித்துத் தோரணமாக்கிவிட்டுப் போகிற காற்று. அந்தக் காற்றில் தரை போட்டவர்களும் சுவர் பூசினவர்களும் மறுநாள் காலையில் நம் கடை வாசலில் நிற்பார்கள். கையில் போன், போனில் படம். "அண்ணாச்சி, என்ன சிமெண்டக் குடுத்தீய? ஒரு நா தாங்கல, வெடிச்சிட்டு பாருங்க." படத்தைப் பார்த்தால் தரை முழுக்க மெல்லிய கோடுகள், வெறுங்காலோடு நடந்தே பழகியவர்களின் குதிகால் மாதிரி இருக்கும். மூட்டையில் வந்ததை மூட்டையில் கொடுத்தவன் நான், என்னிடம் வந்து சண்டை போட்டால் நான் என்ன செய்ய? ஆனாலும் வருஷா வருஷம் சண்டைதான். கொத்தனார்கள் அதை 'ஏர் கிராக்' என்பார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு, "அது ஏர் கிராக்குவே, காத்துல வாரது. நான் சிமெண்டு வித்தேனா, காத்த வித்தேனா?" என்று பதிலுக்கு ஏறுவேன்.

நீ காலேஜில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, அது காத்து இல்லப்பா, முடி. முடி கணக்கா மெல்லிசா இருக்கதால ஹேர் கிராக்." இத்தனை காலமும் ஊரெல்லாம் காற்று வெடிப்பு என்று உளறியிருக்கிறேனே என்று எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. நீ அதைக் கவனித்துவிட்டாய். சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆனா நீங்க சொன்னதுதாம்ப்பா சரி, காரணம் காத்துதான்" என்றாய். பச்சைச் சிமெண்டின் மேல்முகத்தில் இருக்கிற ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடுகிறது, அடியிலிருந்து தண்ணீர் மேலே வந்து சேருவதற்குள் மேல்தோல் காய்ந்து சுருங்குகிறது, இன்னும் பலம் பிடிக்காத நேரம் என்பதால் சுருங்குகிற இழுப்பைத் தாங்காமல் வெடித்துவிடுகிறது, இதெல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்று விளக்கினாய். எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் நீ அவ்வளவு நேரம் பேசினாய் என்பதும் புரிந்தது.

அப்புறம் கோயம்புத்தூருக்கு மேற்படிப்புக்குப் போனாய், அங்கேயே வேலையும் கிடைத்தது. ஒரு லீவுக்கு வந்தபோது, "ஏம்ப்பா, குலை வெட்டின பெறவு இங்கன வாழைய வயக்காட்டுலயே அழுக விடுதாங்கல்லா, அந்த நாரச் சிமெண்டுல போட்டுப் பாக்கப் போறேன்" என்றாய். மண்சுவரில் மிதித்துச் சேர்த்த வைக்கோல் மண்ணை எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்குமோ, அதுபோல நூறு இடத்தில் நார் குறுக்கே கிடந்து பச்சைச் சிமெண்டைப் பிடித்துக்கொள்ளும், வெடிப்பு ஓட ஆரம்பிக்கிற இடத்திலேயே தடுத்துவிடும் என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை. மாலை கட்டுகிற நாரைச் சிமெண்டில் போடுவதா என்று உன் அம்மையிடம் சொல்லிச் சிரித்தேன். நீ கோயில் வாசலில் பூக்காரிகளிடமே ஒரு கட்டு நார் வாங்கி வந்து, அப்படியே நறுக்கிப் போட்டுக் கலந்து, பின்கட்டில் ஒரு சின்னப் பலகை அளவுக்கு ஊற்றினாய். மறுநாள் அம்மை விரலால் அழுத்திப் பார்த்தாள், விரல் உள்ளே போய்விட்டது. "என்னட்டி இது, உளுந்தங்களி கணக்கா இருக்கு" என்றாள். நீ மூன்று வேளை சாப்பிடவில்லை. நாரில் ஒட்டியிருக்கிற வாழைப்பாலின் இனிப்புச் சத்து சிமெண்டை இறுக விடாது என்று அப்புறம்தான் உனக்கே பிடிபட்டது.

அதற்குப் பிறகு நம் வீடு வீடாக இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நார், அலசிய நார், மொட்டை மாடி முழுக்கக் காயப்போட்ட நார். மோர்மிளகாய் காய வைக்க ஒரு முழம் இடம் இல்லை என்று அம்மை புலம்பினாள். கையளவு கூடினால் நார் உருண்டு உருண்டையாகிவிடும், குறைந்தால் பிடிக்காது, காய்ந்த நாராகப் போட்டால் சிமெண்டின் தண்ணீரை அது குடித்துவிடும், அதனால் நனைத்துப் போடவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். கடைசியில் ஒரு ஆடிக் காற்று நாளில் மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பலகை ஊற்றினாய், ஒன்றில் நார் உண்டு, ஒன்றில் இல்லை. இரண்டையும் வேண்டுமென்றே மூடாமல் விட்டாய். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய். நார் இல்லாத பலகையில் வழக்கமான கோடுகள். நார் போட்டதில் நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் ஓரத்தில் ஒரு சின்னக் கீற்று தவிர ஒன்றுமில்லை. கீழே வந்து கடையில் இருந்தவர்கள் எல்லாரையும் மாடிக்கு அனுப்பி வைத்தேன்.

அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நார் என்ன இருந்தாலும் நார்தானே, சிமெண்டுக்குள் கிடந்து மக்கிப் போகாதா என்றேன். "போகும்ப்பா. சிமெண்டுக் காரத்துல கொஞ்சங் கொஞ்சமா வலு போயிரும். போனா என்ன? அதுக்க வேலை அன்னைக்கு ஒரு நா வேலைதான். அது முடிஞ்ச பெறவு கனத்தத் தாங்குதது கம்பிதான்" என்று சொன்னாய். வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னாய். இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

அப்படித் தெரிந்தவன்தான் உன் நிச்சயதார்த்தத்தில் வாயை விட்டேன். வண்ணார்பேட்டையில் அந்த மண்டபத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். தட்டு மாற்றி முடிந்தது. சம்பந்தி எத்தனை பெரிய கட்டடங்களைக் கட்டியிருக்கிறார், எத்தனை பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள் என்று அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு ஏதோ நம் பக்கம் தாழ்ந்துபோன மாதிரி இருந்தது. நிச்சயத்தில் பெண்ணின் தகப்பன் தன் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வது நம்மில் வழக்கம்தான், கோலம் போடுவாள் என்றால் ரதமே வரைவாள் என்று சொல்வோம். அந்த வழக்கத்தில் நானும் சொன்னேன். "எம் மக ஒரு பிடி வாழைநாரப் போட்டான்னா கம்பியே வேண்டாம், தளம் அப்படியே பாறையா நிக்கும்." நீ பின்னாலிருந்து, "அப்பா, அப்படி இல்லப்பா" என்று மெதுவாகச் சொன்னாய். "பிள்ளைக்குக் கூச்சம்" என்றேன். சபை சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார், நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் அந்தச் சின்ன ஊரில், பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிப்பதற்காக ஊர்க்காரர்கள் வரி போட்டு ஒரு கூடம் கட்டுகிறார்கள் என்பதும், வேலையைச் சம்பந்தி எடுத்திருக்கிறார் என்பதும் உனக்குத் தெரியும். சுவர் எழும்பிவிட்டது, கூரைத் தளத்துக்குச் சிமெண்டு ஊற்றப் பலகையும் அடித்துவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் அவர் உனக்கு அந்த வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். போடவேண்டிய கம்பியில் பாதிதான் அதில் இருக்கிறது, மீதிக்கு நார் என்று எழுதியிருக்கிறது. வருகிற மருமகள் இன்ஜினியர், அவளே கண்டுபிடித்த முறை, அவள் கையெழுத்து இருந்தால் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அது அவர் மூளையில் உதித்த யோசனையா? இல்லை, நான் சபையில் எடுத்துக் கொடுத்த யோசனை. அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். தனக்கு வசதியான ஒரு பேச்சு காதில் விழுந்தால், அது மெய்தானா என்று யார் கிளறிப் பார்க்கிறார்கள்? நம்பிக்கொள்வதுதான் சுகம்.

உன்னிடம் பேசிய மறுநாளே நானும் அம்மையும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். முன்னால் சொல்லிக்கொள்ளாமல் போனதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது உள்ளே நுழையும்போதே தெரிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்குச் சபையில நான் சொன்னது தப்பு. நார் வேற, கம்பி வேற. கம்பியக் குறைக்காதிய" என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "அத்தன பேரு முன்னால நீங்கதான சொன்னீய. இப்பம் நீங்களே இல்லங்கிய. கம்பி விக்கிறவரு கம்பி போடச் சொல்லாம வேற என்ன சொல்லுவீய?"

மகளே, நான் கம்பி விற்கிறவன்தானே! என்ன பதில் சொன்னாலும் அது வியாபாரியின் பேச்சாகத்தான் விழும். அப்போது உன் அம்மை பேசினாள். சம்பந்தி வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று பஸ்ஸில் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தவள் அவள். "எங்க கடைக் கம்பி ஒண்ணுகூட அந்தக் கட்டடத்துக்கு வேண்டாம். தூத்துக்குடில வாங்குங்க, எங்க வேணும்னாலும் வாங்குங்க. ஆனா முழுசாப் போடுங்க. அங்கன பிள்ளையள்லா உக்காரப் போவுது" என்றாள். சம்பந்தி என்னைப் பார்த்து, "உங்க மக போடலைன்னா போடுததுக்கு ஆளா இல்ல? மாமனார் கேட்ட ஒரு காரியத்த இப்பமே செய்ய மாட்டான்னா, ஆவணி முகூர்த்தத்தப் பத்தி நாங்களும் யோசிக்கணும்" என்றார். மாப்பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அப்பா முகத்தையும் பார்த்தார், எங்கள் முகத்தையும் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அந்த இரைச்சலில் நானும் அம்மையும் நின்றோம். வந்த பஸ்களையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தோம். நீ கையெழுத்துப் போடாமல் இருந்தால் உன் பெயர் தப்பும். ஆனால் தளம் அதே அரைக் கம்பியோடுதான் விழப்போகிறது, வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டே நாம் ஆவணியில் பந்தல் போட்டுப் பாயசம் பரிமாறுவதா? இதை உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், உன் வாழ்க்கை ஆயிற்றே. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்கிற பாரத்தை உன் தலையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பேச்சு என்னுடையது. நாலு பேர் முன்னால் விட்ட பேச்சை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்கவேண்டும்.

அதனால் நேற்று கூடம் கட்டுகிற அந்த ஊருக்குப் போனேன். அம்மையும் கூட வந்தாள். வயல் வேலை முடிந்து ஆட்கள் வருகிற நேரமாகப் பார்த்துப் போனோம், அம்மன் கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் இன்னார், இன்ன கடைக்காரன், கம்பி விற்கிறவன், அந்தக் காண்டிராக்டருக்குச் சம்பந்தி ஆகப்போகிறவன் என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவேண்டாம். நிச்சயத்தில் நான் அடித்த பெருமையையும் சொன்னேன். ஒரு பெரியவர், "அப்பம் சொந்தத்தக் கெடுத்துக்கிட்டா எங்களுக்கு வந்து சொல்லுதீரு, ஏன்வே?" என்று கேட்டார். "எனக்குத் தூக்கம் வரல" என்றேன்.

வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, "அப்ப அந்த நாரு சும்மாவா அண்ணாச்சி? ஏமாத்துவேலையா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் ஒரு வீம்புப் பேச்சு உன் இத்தனை வருஷ உழைப்பையும் ஏமாற்று வேலை என்று கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம் நிதானமாக, உன் வார்த்தைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். காற்று ஈரத்தை உறிஞ்சுவதைச் சொன்னேன், பச்சைச் சிமெண்டு சுருங்குவதைச் சொன்னேன். நார் அந்த முதல் நாளில் வெடிக்க விடாமல் பிடிக்கும், வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதை அது அந்த அளவுக்குத் தடுக்கும், ஆனால் தளத்தின் கனத்தை ஒருநாளும் அது தாங்காது, தளம் காயாமல் இருக்கச் சாக்கு விரித்துத் தண்ணீர் விடுகிற வேலையும் அதனால் மிச்சமாகாது என்று சொன்னேன். "நாரும் வேணும், கம்பியும் வேணும், தண்ணியும் வேணும்" என்று முடித்தேன். உன்னைப் பற்றி நான் ஊரில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். உன் வேலையை உள்ளது உள்ளபடி பேசினது நேற்றுத்தான். திரும்பி வரும்போது உன் அம்மை, "இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா என்னவாம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

தகப்பன்மார் ஏன் இப்படி இருக்கிறோம் என்று நானே யோசித்துப் பார்க்கிறேன். நீ பிறந்ததிலிருந்து உன்னைக் கூட்டிக் கூட்டியே சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாவது ராங்க் என்றால் வெளியே முதல் ராங்க் என்பேன். அது பாசம் என்றுதான் நினைத்தேன். அதில் உன்னைவிட நான்தான் அதிகம் இருந்திருக்கிறேன். நீ இருக்கிறபடியே போதும் என்று ஒருநாளும் நான் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். நீ இருக்கிறபடியே எனக்குப் போதும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதைப் பற்றி ஊரில் பேசும்போது அளவாகப் பேசு. பேசாமல் இருக்க உன்னால் முடியாது, என் மகள்தானே.

மாப்பிள்ளை விஷயம் ஒன்று. அவர் பேசாமல் இருந்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்பா முன்னால் நாக்கு எழாத பிள்ளைகள் நம் பக்கத்தில் உண்டு, நானே என் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தேன். நீயே அவரிடம் நேரில் கேள், இப்போதே கேள். தரையில் வெடிப்பு ஓட ஆரம்பித்ததை ஈரம் இருக்கும்போதே பார்த்துவிட்டால் கரண்டியால் மறுபடி தேய்த்து மூடிவிடலாம் என்று நீதான் சொல்வாய், இறுகின பிறகு மேலே சிமெண்டுப் பால் பூசினால் கண்ணுக்குத்தான் மறையும். கல்யாணம் முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. அவர் சொல்கிற பதில் உனக்குச் சம்மதமாக இருந்தால் எனக்கும் சம்மதம்.

இவ்வளவு எழுதி, மடித்து வைத்துவிட்டு, தபாலில் போடாமல் சில நாள் வைத்திருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, முழுக் கம்பி போட்டால் வேலையைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டார்கள். அவர் விட்டுவிட்டார். பக்கத்து ஊர்க் கொத்தனாரிடம் வேலையைக் கொடுத்தாயிற்று, கம்பியும் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. நாரையும் விடவேண்டாம், அந்தப் பிள்ளையே வந்து கலந்து கொடுத்தால் நல்லது என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்று காலை சம்பந்தி போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அண்ணாச்சி, கல்யாணம் நின்னுட்டுன்னு வச்சுக்கிடுங்க. நிச்சயத் தட்ட ஆள் மூலமாக் குடுத்து விடுதேன்" என்றார். சரி என்றேன்.

அம்மை அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நின்னுட்டா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது, சமையலுக்கு ஆள் சொன்னது, சொந்தத்தில் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்பது எல்லாம் அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நிக்கட்டும். அந்தத் தளமும் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் ஆள் இருந்தது, இருந்தும் அழுதேன்.

அந்தக் கண்ணீரோடுதான் உனக்குப் போன் செய்தேன். குரலை எவ்வளவு சரிசெய்தும் நீ கண்டுபிடித்துவிட்டாய். சொன்னேன். நான் அந்த ஊரில் போய்ப் பேசியது, கல்யாணம் நின்றது, நார் கலக்க அவர்கள் உன்னைக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் உனக்குப் போன் செய்தானா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னைத் திட்டு, நாலு வார்த்தை திட்டிவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ திட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"தளம் என்னைக்குப்பா போடுதாங்க? காத்துக்கு முன்ன நான் வந்து சேரணும்லா."

போனில் சொன்னதுதான், வெள்ளிக்கிழமை விடியக் காலையில் போடுகிறார்களாம் மகளே. வா.

அப்பா